சேமிப்பிடம் தீர்ந்தால் மென்பொருள் என்ன செய்யும்? டிஸ்கை வேண்டுமென்றே நிரப்பிப் பார்க்கும் சோதனை ஏன் தேவை?

பாறசாலை: "சேமிப்பிடம் போதவில்லை" என்ற அறிவிப்பைக் கைப்பேசியில் ஒருமுறையேனும் காணாதவர் இன்று அரிது. பழைய படங்கள் சிலவற்றை அழித்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். ஆனால் அதே நிலை, நாம் கண்ணால் காணாத ஒரு சர்வரில், நமது விண்ணப்பம் பதிவாகிக் கொண்டிருக்கும் நொடியில் ஏற்பட்டால் என்ன நடக்கும்? மென்பொருள் நின்றுவிடுமா? பாதி எழுதிய பதிவை அப்படியே விட்டுவிடுமா? அல்லது எதையும் சேமிக்காமலேயே "வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது" என்று கூறிவிடுமா? இவற்றுக்கான விடையை முன்கூட்டியே சோதித்து அறிய எளிய வழிகள் உள்ளன. இருந்தும், அவசரத்தில் விடுபட்டுப் போகும் சோதனைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. அதன் விலை என்ன என்பதை உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் ஒன்று 2023-ஆம் ஆண்டு கண்டது.

எல்லையில் வாழ்வோருக்கு இதில் என்ன?

கேரளத்தின் தென்கோடியில், களியக்காவிளையைக் கடந்ததும் தொடங்குகிறது பாறசாலை. அங்கிருந்து அமரவிளை வழியாக வடக்கே சென்றால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாக உருவானபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தொடர்ந்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர உறவுகளில் விழவில்லை. பெண் எடுத்ததும் கொடுத்ததும் இரு பக்கமும் உண்டு. ஒரே குடும்பத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலும் மதிப்பெண் சான்றிதழ் மறு மாநிலத்திலும் இருப்பது இங்கு புதிதல்ல. இத்தகைய குடும்பத்தில் ஒரு பதிவு காணாமல் போனால், அதைச் சரிசெய்ய இரண்டு மாநில அலுவலகங்களின் படிகளை ஏற வேண்டியிருக்கும்.

அந்தப் பதிவுகள் இப்போது காகிதத்தில் இல்லை. கேரளத்தின் உள்ளாட்சிச் சேவைகளுக்கான 'கே-ஸ்மார்ட்' மென்பொருள் 2024 ஜனவரி 1 முதல் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலில் நெய்யாற்றின்கரை நகராட்சியும் பின்னர் பாறசாலை ஊராட்சியும் அதன் வரம்புக்குள் வந்தன. இணையத்தில் தாமே விண்ணப்பிக்க இயலாதோர், 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அக்ஷயா மையங்களை நாடுகின்றனர். 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, தமிழ்நாட்டிலிருந்து இப்பகுதிக்குள் வர இஞ்சிவிளை சோதனைச் சாவடியில் இணையவழி அனுமதி காட்ட வேண்டியிருந்தது. கைப்பேசித் திரையில் திறக்கும் ஒரு கோப்புதான் அன்று வீட்டுக்குப் போகும் உரிமையாக இருந்தது.

சரக்கு வாகனங்களுக்கும் இதே நிலைதான். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குகளுக்கான மின்வழிச் சீட்டு 2018 பிப்ரவரி 1 அன்று கட்டாயமாக்கப்பட்ட முதல் நாளிலேயே தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 அன்று மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அன்றைய சிக்கல் டிஸ்க் நிரம்பியதால் ஏற்பட்டதாக அறிவிக்கப்படவில்லை. எனினும் ஒரு மென்பொருள் நின்றால் சாலையில் லாரிகள் நிற்கும் என்பதை அது காட்டியது. மேலே குறிப்பிட்ட அரசுத் தளங்களில் சேமிப்பிடக் குறை இருப்பதாக இச்செய்தி கூறவில்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கேள்வி எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவானது.

டொயோட்டாவில் நடந்தது என்ன?

2023 ஆகஸ்ட் 29 அன்று காலை, ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் 14 வாகனத் தயாரிப்பு ஆலைகளில் 12 ஆலைகள் உற்பத்தியைத் தொடங்க இயலாமல் நின்றன. அன்றே எஞ்சியவையும் நின்றன. 28 உற்பத்தி வரிசைகளும் முடங்கின. உதிரிபாகங்களுக்கு ஆணை அனுப்பும் கணினி அமைப்பு இயங்காததே காரணம். தேவைப்படும் நேரத்தில் மட்டும் பாகங்களை வரவழைக்கும் முறையை உலகுக்குக் கற்பித்த நிறுவனம் அது. கையிருப்பு குறைவு என்பதால் ஆணை நின்றால் ஆலையும் நிற்கும். இணையத் தாக்குதலாக இருக்குமோ என்று ஐயங்கள் எழுந்தன.

செப்டம்பர் 6 அன்று நிறுவனம் வெளியிட்ட விளக்கம் பலரை வியக்க வைத்தது. ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்புப் பணி நடந்துள்ளது. தரவுத்தளத்தில் தேங்கியிருந்த தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தும் வேலை அது. அந்தப் பணியின் நடுவே டிஸ்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு அமைப்பு நின்றது. மாற்று ஏற்பாடாக இருந்த சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவற்றிலும் அதே கோளாறு ஏற்பட்டது. ஆகவே மாற்று சர்வருக்கு மாற இயலவில்லை. கூடுதல் கொள்ளளவு கொண்ட சர்வருக்குத் தரவுகளை மாற்றிய பிறகே, ஆகஸ்ட் 30 அன்று ஆலைகள் இயங்கத் தொடங்கின.

இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இடத்தைக் காலி செய்யும் பணியே இடத்தைத் தீர்த்துவிட்டது. இது முரணாகத் தோன்றலாம். ஆனால் தரவுத்தளங்களுடன் பழகியவர்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு பீரோவை ஒழுங்குபடுத்த வேண்டுமானால் உள்ளிருப்பதைத் தரையில் பரப்ப இடம் வேண்டும். 'எஸ்கியூலைட்' என்ற தரவுத்தளத்தைச் சுருக்கி ஒழுங்குபடுத்தும் கட்டளைக்கு, மூலக் கோப்பின் அளவைப் போல் இரு மடங்கு வரை காலியிடம் தேவைப்படலாம் என்று அதன் ஆவணமே கூறுகிறது. இரண்டாவது, மாற்று ஏற்பாடு என்பது முதன்மை ஏற்பாட்டின் நகலாக இருந்தால், முதன்மையின் பலவீனமும் சேர்ந்தே நகலாகும். இரண்டு வாளிகளும் ஒரே அளவு என்றால் இரண்டும் ஒன்றாகவே நிரம்பும்.

'இடம் இல்லை' என்பதற்குப் பல பொருள்

லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகளில் டிஸ்க் நிரம்பியதும், எழுத முயலும் மென்பொருளுக்கு 28 என்ற பிழை எண் திரும்ப அனுப்பப்படும். "சாதனத்தில் இடம் எஞ்சவில்லை" என்பது அதன் பொருள். அந்த எண்ணைப் பெற்ற மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அதை எழுதிய நிரலாளரின் பொறுப்பு. அவர் அந்த விடையைப் படிக்காமலே அடுத்த வரிக்குச் சென்றுவிட்டால், மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் நலமே.

இடம் தீர்வதும் ஒரே வகையில் நிகழ்வதில்லை. ஒரு சரக்குக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். கிடங்கில் மூட்டை அடுக்க இடம் இல்லாமல் போகலாம். அல்லது கிடங்கு பாதி காலியாக இருந்தும், மூட்டைகளைக் குறித்து வைக்கும் பேரேட்டில் வரி இல்லாமல் போகலாம். டிஸ்கிலும் இந்தப் பேரேடு உண்டு. கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பேரேட்டில் அதற்கு ஓர் இடம் வேண்டும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்தால் பேரேடு முதலில் தீரும். அப்போது நிர்வாகி டிஸ்கைப் பார்ப்பார். 40 விழுக்காடு காலி என்று காட்டும். மென்பொருளோ இடம் இல்லை என்று சொல்லும்.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்ட்-4' கோப்பு முறைமையில், இயல்பாகவே 5 விழுக்காடு இடம் நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஒரு டெராபைட் டிஸ்க் என்றால் சுமார் 50 ஜிகாபைட். பொதுப் பயனருக்கு இடம் தீர்ந்த பிறகும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டும் என்பதற்கான முன்னெச்சரிக்கை இது. ஆனால் சோதனையை நிர்வாகி உரிமையுடன் செய்பவர் இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பயன்படுத்திவிடுவார். அவருக்கு வெற்றி பெறும் சோதனை, பொதுப் பயனரிடம் தோற்கும்.

அழித்தால் இடம் கிடைத்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. ஓர் இயங்கும் மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸில் அழித்தால், பெயர் மறையும். அந்த மென்பொருள் கோப்பை மூடும் வரை இடம் திரும்பாது. பழையதை மாற்றாமல் புதிய இடத்தில் எழுதும் வகையைச் சேர்ந்த 'பிடிஆர்எஃப்எஸ்' போன்ற கோப்பு முறைமைகளில், ஒன்றை அழிப்பதைப் பதிவு செய்யவும் சிறிது இடம் வேண்டும். முழுதும் நிரம்பிய நிலையில் அழிப்பதே சிக்கலாகிவிடும்.

எது பேராபத்து?

மென்பொருள் நின்றுவிடுவது இழப்புதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, நிற்காமல் தவறாகத் தொடர்வது.

ஓர் எடுத்துக்காட்டு. சேவை மையம் ஒன்றில் விண்ணப்பதாரரின் விவரங்கள் ஒரு கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். முகவரியில் ஒரு சொல்லைத் திருத்தி 'சேமி' பொத்தானை அழுத்துகிறார் பணியாளர். பல மென்பொருள்கள் பழைய கோப்பைத் திறந்து, அதிலிருப்பதை முழுதும் துடைத்துவிட்டு, புதிய விவரங்களை எழுதத் தொடங்கும். துடைக்க இடம் வேண்டியதில்லை, எழுத வேண்டும். அந்தக் கணத்தில் டிஸ்க் நிரம்பினால் பழையதும் போயிற்று, புதியதும் இல்லை. எஞ்சுவது வெறும் பெயர் கொண்ட வெற்றுக் கோப்பு. இதைத் தவிர்க்கும் முறை நெடுங்காலமாக அறியப்பட்டது: புதிய விவரங்களை வேறொரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி, அது டிஸ்கில் உண்மையாகவே பதிந்ததை உறுதிசெய்து, அதன் பிறகே பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். இடையில் எது தவறினாலும் பழைய பதிவு அப்படியே இருக்கும்.

'உண்மையாகவே பதிந்ததை' என்ற சொற்களை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மென்பொருள் எழுதும் தரவு உடனே டிஸ்குக்குச் செல்வதில்லை. வேகத்துக்காக அது நினைவகத்தில் சிறிது நேரம் தங்கும். "எழுதியாயிற்று" என்ற விடை முதலில் வரும். "இடம் இல்லை" என்ற செய்தி, கோப்பை மூடும்போது அல்லது அதற்கும் பிறகு வரலாம். மூடும்போது கிடைக்கும் விடையையும் சரிபார்க்கும் நிரலாளர்களே இதைக் கண்டுபிடிப்பார்கள். சி மொழி கற்போர் முதல் நாளில் எழுதும் "வணக்கம் உலகே" நிரலிலேயே இந்தக் குறை இருக்கிறது. அதன் வெளியீட்டை நிரம்பிய டிஸ்குக்குத் திருப்பினால், ஒரு எழுத்தும் பதியாது. ஆனாலும் நிரல் வெற்றியுடன் முடிந்ததாகவே அறிவிக்கும்.

பிழையைக் கையாளும் பகுதிகளே பிழையின் இருப்பிடம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கசாண்ட்ரா, எச்பேஸ், ரெடிஸ் உள்ளிட்ட ஐந்து பெரும் மென்பொருள் அமைப்புகளில் நிகழ்ந்த 198 செயலிழப்புகளை ஆராய்ந்தனர். அமைப்பு முழுவதையும் முடக்கிய கடும் செயலிழப்புகளில் 92 விழுக்காடு, மென்பொருளுக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்ட ஒரு சிறு பிழையைத் தவறாகக் கையாண்டதன் விளைவு என்று அவர்கள் கண்டறிந்தனர். சில இடங்களில் பிழையைக் கையாள வேண்டிய பகுதி வெறுமையாகவே இருந்தது. வேறு சில இடங்களில் "பின்னர் எழுத வேண்டும்" என்ற குறிப்பு மட்டும் இருந்தது. அந்தப் 'பின்னர்' வரவேயில்லை.

செவ்வாயில் ஒரு பாடம்

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி, மூன்றே வாரத்திற்குள், ஜனவரி 21 அன்று பூமியுடன் பேசுவதை நிறுத்தியது. பயணத்தின்போதும் இறங்கிய பின்னரும் சேர்ந்த ஏராளமான கோப்புகள் அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்தன. அவற்றின் பட்டியலை நினைவகத்தில் ஏற்ற முயன்றபோது இடம் போதவில்லை. கணினி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்தது. தொடங்கியதும் மீண்டும் அதே பட்டியலை ஏற்ற முயன்றது. மீண்டும் இடம் போதவில்லை. இவ்வாறு 60 முறைக்கு மேல் அது விழித்து விழித்து விழுந்தது. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் தொடங்குமாறு பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, தேவையற்ற கோப்புகளை நீக்கி, இறுதியில் அந்த நினைவகத்தைப் புதிதாக வடிவமைத்துப் பொறியாளர்கள் ஊர்தியை மீட்டனர். கோப்புகள் நாளுக்கு நாள் பெருகினால் என்ன ஆகும் என்பது தரைச் சோதனைகளில் வெளிப்படவில்லை.

டொயோட்டாவில் நிரம்பியது டிஸ்க். ஸ்பிரிட்டில் தீர்ந்தது டிஸ்கின் பேரேட்டை விரிப்பதற்கான நினைவகம். இரண்டிலும் மென்பொருள் புதிய நிலையில் நன்றாகவே இயங்கியது. நாட்கள் சேர்ந்த பிறகே தடுமாறியது. ஒரு வாரச் சோதனையில் தேர்ச்சி பெற்றதை ஓராண்டுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டு ஒப்பந்தப் பணிகளிலும் இல்லாமல் இல்லை.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

மிக எளிய கருவி லினக்ஸிலேயே இருக்கிறது. 'டெவ்-ஃபுல்' என்ற பெயரில் ஒரு போலிச் சாதனம் அதில் உண்டு. அதில் எதை எழுத முயன்றாலும் "இடம் இல்லை" என்ற விடையே வரும். மென்பொருளின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, மென்பொருள் அந்தப் பிழையைச் சொல்கிறதா, மறைக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

அடுத்த நிலை, சிறிய டிஸ்க். 10 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை உருவாக்கி, அதையே தனி டிஸ்க் போல இயக்க முறைமைக்குக் காட்டி, மென்பொருளை அதற்குள் இயக்குவது. சில நொடிகளில் நிரம்பிவிடும். உண்மையான டிஸ்குக்கு ஊறு நேராது. கேரள அரசுப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் வழங்கும் இயக்க முறைமையும் உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. ஆகவே பாறசாலையில் உள்ள ஒரு பள்ளியின் மடிக்கணினியிலேயே, ஆசிரியரின் மேற்பார்வையில், இச்சோதனையைச் செய்து காட்ட இயலும். பொதுமக்கள் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் மட்டும் இதை ஒருபோதும் முயலக் கூடாது.

மூன்றாவது முறைதான் மிகவும் பயனுள்ளது. டிஸ்கை உண்மையில் நிரப்பாமல், நிரம்பியதாக நடிக்க வைப்பது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளுறைந்திருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைச் சோதிப்போர் இதை ஒழுங்காகச் செய்கின்றனர். மென்பொருளுக்கும் டிஸ்குக்கும் இடையே ஒரு போலி அடுக்கை வைக்கிறார்கள். முதல் முறை ஓட்டும்போது, முதல் எழுத்துப் பணியிலேயே பிழை வரும்படி செய்கிறார்கள். அடுத்த முறை இரண்டாவது பணியில். அதற்கடுத்து மூன்றாவதில். இவ்வாறு ஒவ்வொரு படியாக நகர்ந்து, பிழையே இல்லாமல் வேலை முடியும் வரை தொடர்கிறார்கள். ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் பிழை, தோன்றியது முதல் நீடிக்கும் பிழை என இரு வகையிலும் இது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. எஸ்கியூலைட்டின் 3.42 பதிப்பில், சோதனைக்காக எழுதப்பட்ட நிரல்கள் மூல நிரலைப் போல் சுமார் 590 மடங்கு என்று அதன் ஆவணம் குறிப்பிடுகிறது.

இதை நமது சேவை மைய எடுத்துக்காட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு சான்றிதழ் விண்ணப்பம் பதிவாக, பெயர், முகவரி, ஸ்கேன் செய்த ஆவணம், கட்டண ரசீது என 40 எழுத்துப் பணிகள் நடப்பதாகக் கொள்வோம். 40 இடங்களிலும் ஒவ்வொன்றாக இடம் தீர்ந்ததாகச் செய்து பார்க்க வேண்டும். எங்கே தீர்ந்தாலும் முடிவு இரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டும்: விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும், அல்லது அறவே இருக்கக் கூடாது. கட்டணம் பிடிக்கப்பட்டு ரசீது இல்லாத நிலை, எண் வழங்கப்பட்டு ஆவணம் இல்லாத நிலை, இவையெல்லாம் தேர்வில் தோல்வி. எல்லையோரத்தில் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி வந்தவருக்கு அந்தப் பாதி நிலை, எதுவும் நடக்காததைவிடக் கொடியது. எதுவும் பதிவாகவில்லை என்றால் அன்றே மறுபடி கொடுப்பார். பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்பியவர் ஒரு மாதம் கழித்தே உண்மையை அறிவார்.

இடம் மீண்ட பிறகு என்ன நடக்கிறது என்பதும் சோதனையின் பகுதியே. மென்பொருள் தானே எழுந்து நடக்கிறதா, அல்லது யாரேனும் கைகொடுக்க வேண்டுமா? இதில் மென்பொருளுக்கு மென்பொருள் போக்கு மாறும். 'மைஎஸ்கியூஎல்' தரவுத்தளத்தின் ஆவணப்படி, டிஸ்க் நிரம்பினால் அது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கிடைத்ததா என்று பார்த்துக் காத்திருக்கும். 'போஸ்ட்கிரெஸ்', தனது மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டுக்கு இடமில்லாவிட்டால் உடனே நின்றுவிடும். இடம் கிடைத்துத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் தரவைக் காக்கும் நோக்கம் கொண்டவை. ஆனால் முதல் முறையில், கவுண்ட்டரில் இருப்பவருக்குத் திரையில் சக்கரம் சுழல்வது மட்டுமே தெரியும். அவர் பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் அழுத்துவார். ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதும் அப்போது தேர்வுக்கு வரும்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தனது சர்வர்களை வேண்டுமென்றே முடக்கிப் பார்க்க உருவாக்கிய 'கேயாஸ் மங்கி' என்ற கருவியிலும் டிஸ்கை நிரப்பும் உத்தி ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. பெரும் கோப்பு ஒன்றைத் திடீரெனத் திணித்து, அமைப்பு சமாளிக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை.

பிழைச் செய்தியின் மொழி

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள் அதிகம் கையாளும் வாக்கியங்களில் பிழைச் செய்திகளும் அடங்கும். "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது. மீண்டும் முயலவும்" என்பது அவற்றில் மிகப் பரவலானது. தமிழிலோ மலையாளத்திலோ எவ்வளவு நயமாக மொழிபெயர்த்தாலும் அது பயனற்ற வாக்கியமே. டிஸ்க் நிரம்பிய நிலையில் அது தீங்கும் செய்யும். மீண்டும் முயலும் ஒவ்வொரு முறையும் புதிய தற்காலிகக் கோப்பு ஒன்று பிறக்கும்; பிழை நிகழ்ந்ததைக் குறிக்கும் பதிவேடும் ஒரு வரி வளரும். எஞ்சியிருந்த சிறு இடமும் இப்படியே கரையும்.

என்ன சேமிக்கப்படவில்லை, முந்தைய பதிவு பத்திரமாக உள்ளதா, எவ்வளவு இடம் தேவை என்ற மூன்றையும் பயனரின் மொழியில் சொல்லும் செய்தியே போதுமானது. இதற்கும் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. சில மென்பொருள்கள் மொழிக் கோப்புகளைத் தேவைப்படும்போதுதான் பதிவிறக்குகின்றன. இடம் தீர்ந்த வேளையில் தமிழ்ச் செய்தி உள்ள கோப்பு இறங்காது. ஆங்கிலமே திரையில் நிற்கும். எந்த நேரத்தில் தாய்மொழி மிகவும் தேவையோ, அந்த நேரத்தில் அது கிடைக்காது. சோதனையாளர்கள் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படுவதேயில்லை.

கைப்பேசியில் நாம் செய்ய வேண்டியது

சேமிப்பிடப் பற்றாக்குறை இந்தியர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இந்தியாவில் மூன்றில் ஒரு திறன்பேசிப் பயனருக்கு நாள்தோறும் சேமிப்பிடம் தீர்ந்துவிடுகிறது என்றும், அமெரிக்காவில் இது பத்தில் ஒருவருக்கே நிகழ்கிறது என்றும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணிப்பை மேற்கோள் காட்டி 2018 ஜனவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் செய்தி வெளியிட்டது. காரணங்களில் ஒன்று, நாள்தோறும் விடியலில் வந்து குவியும் "காலை வணக்கம்" படங்கள். அவற்றைக் கண்டறிந்து நீக்க உதவும் 'ஃபைல்ஸ் கோ' செயலியை கூகுள் 2017 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. இரு மாநிலப் பேருந்து, வங்கி, அரசுச் சேவைச் செயலிகளையும் இரு மொழித் தட்டச்சுப் பலகைகளையும் ஒரே கைப்பேசியில் வைத்திருக்கும் எல்லையோர மக்களுக்கு நெருக்கடி இன்னும் சற்றுக் கூடுதல்.

இடம் முற்றிலும் தீரும் வரை காத்திருக்க வேண்டாம். கைப்பேசி முழுதும் நிரம்பிய பிறகு சில செயலிகளால் பழைய செய்திகளை அழிக்கவும் இயலாமல் போகலாம். அழிப்பதைப் பதிவு செய்யவும் அவற்றின் தரவுத்தளத்துக்குச் சிறிது இடம் வேண்டும். அத்தகைய நிலையில், செயலிக்குள் சென்று ஒவ்வொன்றாக அழிக்க முயலாமல், முதலில் பெரிய காணொளி ஒன்றைக் கோப்பு மேலாண்மைச் செயலி வழியாக நீக்குவது எளிது. நீக்கிய படங்கள் சில செயலிகளில் குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் தங்கும் என்பதால், அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். செயலியின் 'கேச்' எனப்படும் தற்காலிகத் தரவை நீக்கலாம். ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் 'தரவை அழி' என்ற பொத்தான் வேறு. அது சேமித்த பதிவுகளையும் சேர்த்து நீக்கிவிடும்.

அக்ஷயா மையத்திலோ வீட்டிலோ இணையவழி விண்ணப்பம் அளித்தால், "வெற்றி" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அந்த எண்ணில் ஆவணம் திறக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பணம் பிடிக்கப்பட்டு ரசீது வராத நிலையில் உடனே மறுபடி பணம் செலுத்தாமல், பரிவர்த்தனை எண்ணுடன் அதன் நிலையை முதலில் சரிபார்க்க வேண்டும்.